வதைமுகாமில் காதல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். யூதர்களை அடைத்துக் கொன்ற நாஜி வதைமுகாம்களைப் பின்னணியாகக் கொண்ட நாவல்கள் சிலவற்றை அண்மையில் வரிசையாக வாசித்தேன். ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரு காதல் வருகிறது. அந்தக் காதல்தான் அவர்களைப் பிழைக்க வைக்கிறது. வதைமுகாமிலிருந்து பிழைத்த மனநல மருத்துவர் விக்டர் ஃப்ராங்கலும் மனைவியின் முகத்தை நினைத்தபடி பனியில் வேலைக்கு நடந்ததை எழுதியிருக்கிறார். எனக்குச் சில சந்தேகங்கள். ஆண்களும் பெண்களும் மின்வேலிக்கு இருபுறமும் அடைக்கப்பட்டிருந்தால் சந்தித்தது எப்படி? அந்தப் பட்டினியில் காதல் வருமா? காதல் நிஜமாகவே யாரையாவது காப்பாற்றியதா, அல்லது நம்மைப்போன்ற வாசகர்களுக்காகப் பின்னால் தூவிய சர்க்கரையா?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். "அன்பு காப்பாற்றியது" என்று பொதுவாகச் சொல்பவர்கள் போலந்திலிருந்த அவுஷ்விட்ஸ் முகாமின் பகுதியான பிர்கனாவின் ரயில் மேடையை நினைத்துப் பார்ப்பதில்லை. அவுஷ்விட்ஸுக்குக் கொண்டுவரப்பட்ட யூதர்கள் சுமார் 11 லட்சம் பேர். முகாமில் கைதிகளாகப் பதிவானவர்கள் சுமார் 2 லட்சம். மற்றவர்களில் பெரும்பாலோர் வந்த அன்றே நச்சுவாயு அறைக்குப் போனார்கள். குழந்தையின் கையைப் பிடித்திருந்த தாய், எவ்வளவு இளமையும் திடமும் இருந்தாலும், குழந்தையோடு சேர்த்து அனுப்பப்பட்டாள். பெட்டிகளை இறக்க வந்த பழைய கைதிகள் காவலர் பார்க்காத நேரத்தில் இளம் தாய்மார்களிடம் "குழந்தையைப் பாட்டியிடம் கொடுத்துவிடு" என்று முணுமுணுத்ததுண்டு. காரணத்தைச் சொல்ல அவர்களால் முடியாது. சொன்னாலும் எந்தத் தாய் நம்புவாள்? அன்பு வைத்தவர்கள் அங்கே அன்பினாலேயே செத்தார்கள். ஆகவே காதலைப் பிழைப்புக்கான மருந்தாகக் காட்டும் கதையில், மருந்து போதாமல் செத்தவர்கள் என்று லட்சக்கணக்கானோர் ஓசையில்லாமல் ஒதுக்கப்படுகிறார்கள். எனக்கு அது ஒவ்வாது.

ஆனால் காதல் இருந்தது. எங்கே, யாருக்கு, என்ன விலையில் என்று பார்த்தால்தான் அது புரியும்.

பட்டினிக் கணக்கைப் பார்ப்போம். அவுஷ்விட்ஸில் காலையில் அரை லிட்டர் அளவு காப்பி என்ற பெயரில் ஒரு கஷாயம். மதியம் முக்கால் லிட்டர் சூப், பெரும்பாலும் டர்னிப் கிழங்கு மிதக்கும் தண்ணீர். மாலையில் சுமார் 300 கிராம் ரொட்டி, அதோடு 25 கிராம் மார்ஜரினோ ஒரு துண்டு சாசேஜோ ஒரு கரண்டி ஜாமோ. ஏட்டளவில் இது 1,300 முதல் 1,700 கலோரி. வழியில் திருடியவர்களின் பங்கு போக மிச்சம்தான் கைதியின் கிண்ணத்துக்கு வரும். இதை வைத்துக்கொண்டு பதினொரு மணி நேரம் பள்ளம் தோண்டினால் சில மாதங்களில் உடல் தன்னையே தின்னத் தொடங்கும். பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுவிடும். ஆசை என்பதே மறந்துபோகும். இரவில் படுக்கைப் பலகைகளில் பெண்கள் பேசியது சமையல் குறிப்புகளை, எந்தப் பண்டத்துக்கு எத்தனை முட்டை என்பதை. எனவே உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில், பெரும்பாலோருக்கு வரவில்லை என்பதுதான். காதலிக்க முடிந்தது முகாமுக்குள் ஏதோ ஒரு 'நல்ல இடத்தில்' இருந்த சிறுபான்மைக்கு. கூரைக்கடியில் வேலை, கொஞ்சம் கூடுதல் சூப், வேலியைத் தாண்டிப் போக ஒரு காரணம் ஆகிய மூன்றும் அவர்களுக்கு இருந்தன.

வேலியைத் தாண்டும் காரணம் என்று சொன்னேன் அல்லவா? அதுதான் உங்கள் முதல் கேள்விக்கான பதில். பெண்கள் முகாமில் கூரை ஒழுகினால் கூரை வேய்பவர்கள் போக வேண்டும். குழாய் வெடித்தால் குழாய் வேலைக்காரர்கள், விளக்கு அணைந்தால் மின்பணியாளர்கள். இவர்கள் எல்லாம் ஆண் கைதிகள். கருவிப்பெட்டிதான் அவர்களுடைய அனுமதிச்சீட்டு. மறுபக்கம் பெண்கள் முகாமின் அலுவலகத்தில் எழுத்தர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், செய்தி கொண்டு ஓடுபவர்கள் இருந்தார்கள். அவர்களாலும் நடமாட முடிந்தது. மாலா ஸிமெட்பாம் அப்படி ஓடுபவர். ஆன்ட்வெர்ப்பிலிருந்து 1942 செப்டம்பரில் வந்த யூதப்பெண், பதிவெண் 19880. எடெக் கலின்ஸ்கி போலந்துக்காரர், யூதரல்லாத அரசியல் கைதி, 1940 ஜூனில் வந்த முதல் ரயிலிலேயே வந்தவர், பதிவெண் 531, பராமரிப்புப் பட்டறைத் தொழிலாளி. 1944 ஜூன் 24 அன்று எடெக், முகாம்களை நடத்திய நாஜிப் படையான எஸ்.எஸ்.-இன் சீருடை அணிந்து, கைதியை வேலைக்கு அழைத்துச் செல்லும் காவலரைப்போல முகாமை விட்டு வெளியேறினார். மாலா ஆண்கள் அணியும் வேலை உடுப்பில், தலைமேல் ஒரு பீங்கான் கைகழுவும் தொட்டியைக் கவிழ்த்துச் சுமந்தபடி வந்தார். பெண் முடியும் பெண் முகமும் அந்தத் தொட்டிக்குள் மறைந்துவிட்டன. இரண்டே வாரத்தில் ஸ்லோவாக்கிய எல்லை மலைகளில் பிடிபட்டார்கள். இருவரையும் கொன்றார்கள். முகாமின் தண்டனைக் கட்டடமான பதினொன்றாம் பிளாக்கின் சிறைச்சுவரில் எடெக் கீறிய இரண்டு பெயர்களும் இரண்டு எண்களும் இன்றும் இருக்கின்றன.

ஹெலன் ஸ்பிட்ஸரின் கதையில் இந்த வழிமுறை இன்னும் தெளிவாகத் தெரியும். 'சிப்பி' என்று அழைக்கப்பட்டவர், பிராட்டிஸ்லாவாவில் வரைகலை பயின்றவர், 1942 மார்ச்சிலேயே வந்துவிட்டார். பெண்களின் உடையில் சிவப்புப் பட்டை தீட்ட ஆள் தேவைப்பட்டது. பொடி வண்ணத்தை வார்னிஷோடு எந்தப் பதத்தில் குழைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கைவேலை அவரைக் கல் சுமப்பதிலிருந்து அலுவலகத்துக்குக் கொண்டுபோனது. அங்கே பதிவேடுகள், அட்டவணைகள், முகாமின் மாதிரி வடிவம் என்று அவர் இன்றியமையாதவர் ஆனார். டேவிட் விஸ்னியா போலந்துப் பாடகர், பதின்வயதினர். பிணம் பொறுக்கும் வேலையில் தொடங்கியவரை அவர் குரல் காப்பாற்றியது. காவலர்களுக்குப் பாடியதால் 'சவுனா' எனப்பட்ட கிருமிநீக்கக் கட்டடத்தில் வேலை கிடைத்தது. நச்சுவாயு அறைகளில் பயன்பட்ட அதே சைக்ளான்-பி வில்லைகளால் உடைகளில் பேன் ஒழிக்கும் வேலை. இருவரும் ஏறக்குறைய மாதத்துக்கு ஒருமுறை, கைதிகளின் உடைப்பொதிகளை அடுக்கி அதன் நடுவே உண்டாக்கிய பொந்தில் சந்தித்தார்கள். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம். காவலுக்கு நின்ற சக கைதிகளுக்கு டேவிட் உணவு கொடுத்தார். அந்தச் சந்திப்புக்கு வாடகை அந்த உணவு. உணவு இல்லாதவன் காதலிக்க முடியாது என்பது அங்கே உவமை அல்ல, நடைமுறை.

போருக்குப் பின் வார்சாவில் சந்திப்பதாகப் பேசிக்கொண்டார்கள். சிப்பி காத்திருந்தார். டேவிட் தப்பி அமெரிக்கப் படையோடு சேர்ந்துவிட்டதால் வரவில்லை. இருவரும் வேறு வேறு திருமணம் செய்துகொண்டார்கள். 2016-இல் நியூயார்க்கில், படுத்த படுக்கையாக இருந்த சிப்பியைப் பார்க்க டேவிட் போனார். தான் உயிரோடிருந்ததில் அவருக்குப் பங்கு உண்டா என்று கேட்டார். ஐந்து முறை உன்னைச் சாவுக்கு அனுப்பாமல் தடுத்தேன் என்றார் சிப்பி. காதல் காப்பாற்றியதா என்று கேட்டீர்களே, இங்கே காப்பாற்றியது. எப்படி என்பதையும் பாருங்கள்: பட்டியல்கள் தயாராகும் அலுவலகத்தில் காதலியின் மேசை இருந்தது.

காதலைக் காகிதமாக மாற்றிய ஊர் வில்னா, இன்றைய லித்துவேனியாவின் வில்னியஸ். இதைப் பற்றி நம் நாவலாசிரியர்கள் எழுதாதது வியப்புதான், இதைவிடக் கூர்மையான கரு கிடைக்காது. 1941 அக்டோபரில் ஜெர்மானியர்கள் அங்கே 3,000 மஞ்சள் வேலைச்சீட்டுகளை மட்டும் கொடுத்தார்கள். ஒரு சீட்டு நான்கு உயிருக்குச் செல்லும்: சீட்டுக்காரர், துணைவர், பதினாறு வயதுக்குட்பட்ட இரண்டு பிள்ளைகள். மொத்தம் 12,000 பேர். யூதர்களை அடைத்து வைத்திருந்த நகரப்பகுதியான கெட்டோவில் இருந்ததோ அதன் இரு மடங்குக்கும் மேல். பெற்றோருக்கு இடமில்லை. மூன்றாவது பிள்ளைக்கு இடமில்லை. பதினேழு வயது மகளுக்கு இடமில்லை. சீட்டு வைத்திருந்தவர் கெட்டோ நிர்வாக அலுவலகத்துக்குப் போய்க் குடும்பத்தைப் பதிய வேண்டும். அந்தச் சில நாட்களில் திருமணமாகாத சீட்டுக்காரர்கள் ஒரே இரவில் கணவர்கள் ஆனார்கள். சிலர் அக்காள் தங்கையை மனைவி என்று பதிந்தார்கள், சிலர் தாயையே. பிள்ளையில்லாத தம்பதி பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைத் தம் பிள்ளைகள் ஆக்கினார்கள். காதலித்த பெண்ணா, பெற்ற தாயா என்று ஒருவன் முடிவெடுக்க வேண்டும், ஏனென்றால் மனைவிக்கான கட்டம் ஒன்றுதான். அக்டோபர் 24 அன்று வேட்டை தொடங்கியது. சீட்டில்லாமல் பிடிபட்டவர்கள் பொனாரிக் காட்டின் குழிகளுக்குப் போனார்கள். அப்படிச் சேர்ந்த காகிதக் கணவன் மனைவியர் ஒரே அறையில் இருந்தாக வேண்டியிருந்தது. சில இணைகள் உண்மையாகவே கணவன் மனைவி ஆயின. அதைக் காதல் என்பதா, பிழைப்பு என்பதா? அவர்களுக்கு அந்தப் பிரிவினை செய்ய நேரமில்லை. நாம் ஏன் செய்ய வேண்டும்?

உங்கள் கடிதத்தில் ஃப்ராங்கலைச் சொல்லியிருந்தீர்கள். அவர் மனைவி டில்லியின் முடிவைப் பலரும் கவனிப்பதில்லை. அதைச் சொல்ல தெரேசியன்ஸ்டாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். செக் நாட்டில் ஒரு பழைய கோட்டை நகரம் அது. ஆண்களும் பெண்களும் வெவ்வேறு கட்டடங்களில் படுத்தாலும், 1942-இன் நடுவிலிருந்து ஊரடங்கு நேரம்வரை தெருவில் சந்திக்கலாம். காதலுக்கு இடமிருந்த முகாம் அது என்று சொல்லலாம். தச்சுவேலை தெரிந்தவர்களும் செல்வாக்குள்ளவர்களும் மாடப்பரண்களில் திருடிய பலகைகளை வைத்துத் தடுத்து ஆளுயரம்கூட இல்லாத ஒரு சிற்றறை கட்டிக்கொண்டார்கள். அதற்குக் 'கும்பால்' என்று பெயர். ஐம்பது பேர் மூச்சுவிடும் கூடத்திலிருந்து வந்தவர்களுக்குக் கதவுள்ள ஒரு பொந்து அரண்மனை. கும்பால் வைத்திருந்தவர், சமையல்கூடத்தில் வேலை செய்தவர், ரொட்டிக்கிடங்கில் இருந்தவர் ஆகியோருக்குக் காதலி கிடைப்பது எளிது. உருளைக்கிழங்குக்காகப் பழகிய பெண்களைக் குறித்து அந்தக் காலத்திலேயே வம்பு பேசினார்கள். வம்பு பேசியவர்கள் உருளைக்கிழங்கு கொடுக்கவில்லை. 1943 ஜூலைக்குப் பின் கருவுற்றால் கட்டாயக் கருக்கலைப்பு. மறுத்தால் கிழக்கே போகும் ரயில்.

இங்கே திருமணத்துக்கு ஒரு நடைமுறைப் பயன் இருந்தது. ரயில் பட்டியல் எழுதும்போது கணவன், மனைவி, சிறுபிள்ளைகளை ஒரு அலகாகக் கொண்டார்கள். ஒருவருக்கு வேலைப் பாதுகாப்பு இருந்தால் மற்றவருக்கும் அது பொருந்தும். ஆகவே அவசரத் திருமணங்கள் நடந்தன. 1944 செப்டம்பர் 28 முதல் அக்டோபர் 28 வரையிலான ஒரு மாதத்தில் பதினொரு ரயில்களில் 18,000-க்கும் மேற்பட்டோரை அவுஷ்விட்ஸுக்கு அனுப்பியபோது அந்தக் கணக்கு தலைகீழானது. முதல் ரயில்களில் உடல்வலு உள்ள ஆண்கள் போனார்கள். புதிய வேலை முகாம் கட்டப் போகிறார்கள் என்று சொல்லப்பட்டது. அடுத்து, விரும்பும் மனைவியர் கணவனிடம் போகலாம் என்று அறிவித்தார்கள். நூற்றுக்கணக்கான பெண்கள் தாமாகப் பெயர் கொடுத்தார்கள். டில்லி போர்த்தளவாடப் பட்டறையில் வேலை செய்ததால் அவருக்கு இரண்டு ஆண்டுக்கால விலக்கு இருந்தது. ஃப்ராங்கலின் பெயர் அக்டோபர் 19 ரயிலில் வந்தபோது, நீ வராதே என்று அவர் மன்றாடினார். டில்லி அவருக்குத் தெரியாமல் பெயர் கொடுத்துக் கூடவே வந்தார். அவுஷ்விட்ஸ் மேடையில் பிரிந்ததுதான். டில்லி பெர்கன்-பெல்சனில் இறந்தார். பனியில் நடந்தபோது ஃப்ராங்கல் நினைத்துக்கொண்ட முகம் அந்த முகம். மனைவி உயிரோடிருக்கிறாரா என்றே தெரியாது, அந்த நேரத்தில் தெரிந்துகொள்ளத் தேவையும் படவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். தம்மில் சிறந்தவர்கள் திரும்பவில்லை என்றும் எழுதினார். அதை மேற்கோள் காட்டுபவர்கள் குறைவு.

காதல் இணைகளைவிட அதிகமானோரைப் பிழைக்க வைத்தது வேறொரு உறவு. அக்காள் தங்கை, ஒரே ஊர்த் தோழிகள், முகாமிலேயே உடன்பிறப்பாக ஆக்கிக்கொண்டவர்கள். 'முகாம் சகோதரி' என்றே சொல்வார்கள். ஒருத்தி சூப் வரிசையில் நிற்கும்போது மற்றவள் காலணிக்குக் காவல் இருப்பாள். காலணி போனால் புண், புண்ணிலிருந்து சீழ், வேலைக்கு ஆகாதவர்களைப் பிரித்துச் சாவுக்கு அனுப்பும் அடுத்த பொறுக்கெடுப்பில் மரணம். டைஃபஸ் காய்ச்சலில் நிற்க முடியாதவளை எண்ணிக்கை எடுக்கும்போது இரண்டு பக்கமும் தோள்கொடுத்து நிறுத்துவார்கள். மருத்துவக் குடிலுக்குப் போனால் திரும்புவது அரிது என்பதால் காய்ச்சலை மறைப்பார்கள். இதிலும் தவறிப்போகும் இடம் உண்டு. விழுங்க முடியாதவளுக்காகத் தன் ரொட்டியைச் சேர்த்து வைத்தவள் தானும் விழுவாள். நாவல்கள் காதலன் காதலியைப் பிடித்துக்கொண்டு இவர்களை ஓரமாக நிறுத்திவிடுவது எனக்குப் பெரிய குறை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கைதிப் பெண்ணுக்கும் எஸ்.எஸ். காவலருக்கும் இடையிலான உறவுகளையும் 'காதல்' என்று படமாக்குகிறார்கள். ஹெலனா சிட்ரோனோவா மீது ஃப்ரான்ஸ் வுன்ஷ் என்ற காவலர் மையல் கொண்டார். ஹெலனாவின் அக்காளை நச்சுவாயு அறை வாசலிலிருந்து அவர் மீட்டார். அக்காளின் இரண்டு பிள்ளைகளை மீட்கவில்லை. ஒருவர் கையில் மற்றவரின் மரணம் இருக்கும்போது அந்தச் சொல்லை நான் பயன்படுத்த மாட்டேன்.

இனி, நீங்கள் வாசித்த நாவல்களை எல்லாம் விஞ்சும் ஓர் உண்மைக் கதை. கிராகோவ் அருகே பிளாஷோவ் முகாம். ஜோசஃப் பாவ் ஓவியம் பயின்றவர். கோதிக் எழுத்து எழுதத் தெரிந்ததால் கட்டுமான அலுவலகத்தில் வரைவாளராக இருந்தார். அந்தக் காலத்தில் வரைபடத்தை நகலெடுக்க, ஒளிபடும் தாளின் மேல் அசலை வைத்துச் சட்டத்தில் இறுக்கி வெயிலில் காட்ட வேண்டும். ஒரு நாள் மேகமூட்டம். வெயில் வரவில்லை. சட்டத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவரைப் பார்த்து, அந்த வழியாக வந்த ரெபெக்கா என்ன செய்கிறாய் என்று கேட்டார். சூரியனுக்காகக் காத்திருக்கிறேன், நீ அந்த வேலையைப் பார்க்கிறாயா என்றார் ஜோசஃப். அப்படித் தொடங்கியது.

யூத மரபுப்படி திருமணத்துக்குக் கோயிலோ குருவோ கட்டாயமில்லை. மணமகனுக்குச் சொந்தமான ஒரு மோதிரம், அதைக் கொடுக்கும்போது சொல்லும் ஒரு வாக்கியம், இரண்டு சாட்சிகள் போதும். முகாமில் கடினம் மோதிரம்தான். ஜோசஃப் தன் ரொட்டியைக் கொடுத்து ஒரு வெள்ளிக் கரண்டி வாங்கினார். கைதியாக இருந்த பொற்கொல்லர் ஒருவர் அதில் இரண்டு மோதிரம் செய்தார். 1944 பிப்ரவரி 13 மாலை, தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, வேலை முடிந்து திரும்பும் பெண்களின் கூட்டத்தில் கலந்து பெண்கள் குடிலுக்குள் போனார். அவருடைய தாய் இருந்த குடில் அது. திருமணம் அங்கேயே நடந்தது. பிடிபட்டிருந்தால் மணமக்களோடு குடிலிலிருந்த பெண்களுக்கும் தண்டனை விழுந்திருக்கும். அந்தப் பெண்கள் அனைவரும் அதற்கு உடன்பட்டார்கள் என்பதை நான் திருமணத்துக்குச் சமமாக வைப்பேன்.

ரெபெக்கா நகம் திருத்துபவர். முகாம் தலைவன் ஆமோன் கோத்துக்கே நகம் திருத்தியதால் அலுவலக வட்டாரத்தில் அவருக்குச் சிறிது அறிமுகம் இருந்தது. 1944 இலையுதிர்காலத்தில், தன் யூதத் தொழிலாளர்களைக் காப்பாற்றிய ஜெர்மானியத் தொழிலதிபர் ஷிண்ட்லரின் தொழிற்சாலைக்குப் போகும் பட்டியலில் தனக்கு வாய்த்த இடத்தைக் கணவன் பெயருக்கு மாற்றினார். ஜோசஃப் அந்தத் தொழிற்சாலை இருந்த ப்ரூன்லிட்ஸ் போனார். ரெபெக்கா அவுஷ்விட்ஸ் போனார், பல பொறுக்கெடுப்புகளைக் கடந்து பிழைத்தார். இடம் மாறிய சேதியைக் கணவனிடம் சொல்லவில்லை. பல பத்தாண்டுகள் கழித்தே அவருக்குத் தெரியவந்தது. டில்லி செய்ததும் ரெபெக்கா செய்ததும் ஒரே செயல்தான் என்று எனக்குத் தோன்றும். ஒருவர் இறந்தார், ஒருவர் பிழைத்தார். அந்த வித்தியாசத்தில் காதலின் அளவுக்குப் பங்கில்லை.

விடுதலைக்குப் பின் நடந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெர்கன்-பெல்சன் அகதிமுகாமில் 1946-இல் ஒரே நாளில் ஆறேழு திருமணங்கள் நடந்ததுண்டு. அறிமுகமாகிச் சில வாரங்களில் மணந்தவர்களே மிகுதி. குடும்பத்தில் வேறு யாரும் மிஞ்சவில்லை, காத்திருக்க எதுவுமில்லை. லில்லி என்ற மணப்பெண் வெள்ளை உடுப்பு வேண்டும் என்றார். மணமகன் லுட்விக் காப்பிக்கொட்டையும் சிகரெட்டும் கொடுத்து ஒரு பாராசூட்டை வாங்கிவந்தார். தையல் தெரிந்த தோழி அதில் உடுப்பு தைத்து, மிச்சத் துணியில் மணமகனுக்குச் சட்டையும் தைத்தார். அதே உடுப்பைப் பிறகு மற்ற மணப்பெண்களும் வாங்கி அணிந்தார்கள்.

திருமணத்துக்கு முன்பு ரபிகள் என்ற யூத மதகுருக்கள் முன் ஒரு விசாரணை உண்டு. கணவனை இழந்த பெண், அவன் இறந்ததற்குச் சாட்சி இல்லாமல் யூதச் சட்டப்படி மறுமணம் செய்ய முடியாது. நச்சுவாயு அறைக்குச் சாட்சி ஏது? சான்றிதழ் ஏது? அதனால் ரபிகள் முகாமின் நடைமுறையையே சாட்சியமாக எடுத்தார்கள். எந்த ரயில், எந்தத் தேதி, பொறுக்கெடுப்பில் எந்தப் பக்கம் அனுப்பினார்கள், அதைப் பார்த்தவர் யார் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். மரணத்தின் பக்கம் போனதைக் கண்ட ஒருவர் வந்து சொன்னால் அனுமதி தரலாம் என்று முடிவு செய்தார்கள். தவறினால் விளைவு கடுமையானது. முதல் கணவன் உயிரோடு திரும்பினால் அந்தப் பெண் இருவரையும் பிரிய வேண்டும் என்பது சட்டம். அதனாலேயே ஒரு பெண்ணின் மறுமணத்துக்காக, அவள் கணவன் வந்த ரயிலில் வந்த வேறொருவரைத் தேடி முகாம் முகாமாகக் கடிதங்கள் போயின.

அன்புடன்.